தோட்டத்து மரத்துக்கு ஒரு பேண்ட்சா

புதுக்கோட்டை மாவட்டத்தில் மரத்துக்கு இரண்டு கணக்குகள்தான் உண்டு. தேக்குக்குக் கன அடிக் கணக்கு, தைலமரத்துக்கு டன் கணக்கு. ராயவரம், அரிமளம், கடியாபட்டி போன்ற ஊர்களில் பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து எழுப்பிய செட்டிநாட்டு வீடுகள், நல்ல மரம் என்றால் நேராக ஓடும் ரேகையும் முடிச்சற்ற நீளமும் என்ற ரசனையை இந்த மண்ணில் ஊன்றிவிட்டன. பின்னால் வந்த தைலமரக் காடுகள் மரத்தைக் காகிதக்கூழாகப் பார்க்கப் பழக்கின. கொல்லையில் நிற்கும் பலா, வரப்போரத்துப் பூவரசு, கிணற்றடி வேம்பு, வாகை, மா ஆகியவை இரண்டு கணக்கிலும் சேர்வதில்லை. முற்றிச் சாய்ந்தால் அவற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் விறகு விலை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி உள்ளே வந்தபோது, ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னையோடு பலாவும் வேரோடு விழுந்தது. தலைமுறைகளாகக் காய்த்த மரங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. மரத்தின் தரத்தில் குறை இல்லை. விழுந்த மரத்தைப் பலகையாக்கி வைத்துக்கொள்ளும் வழி மரம் வைத்திருந்தவர்கள் கையில் இல்லை.

வீட்டிலேயே மரவேலை செய்ய நினைப்பவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அவர்கள் முதலில் ஆசைப்படுவது டேபிள் சா என்னும் மேசை வட்ட ரம்பத்துக்கு. இந்த மாவட்டத்தில் அந்த ஆசை பொருந்தாது என்பது என் வாதம். டேபிள் சா, கடையில் பலகை வாங்குகிறவனுக்கான கருவி. ஒரே கனத்தில் அறுத்து, உலர்த்தி, இழைத்த பலகையையும் பிளைவுட்டையும் அது நேர்க்கோட்டில் கச்சிதமாக அறுக்கும். பேண்ட்சா, அதாவது சக்கரங்களில் சுற்றி ஓடும் எஃகு நாடா ரம்பம், மரம் வைத்திருக்கிறவனுக்கான கருவி. கோணல் கட்டையை, கனம் ஒவ்வாத துண்டை, வளைந்த கிளையைப் பலகையாகவும் சட்டமாகவும் மாற்றுவதுதான் அதன் வேலை. கீரமங்கலம் பக்கத்துச் சேந்தன்குடியில் விவசாய நிலத்திலேயே காடு வளர்த்துக் காட்டிய ‘மரம்’ தங்கசாமி, நிலத்தில் மரம் நடுவதும் வேளாண்மையே என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார். கஜா வந்த அதே ஆண்டில் காலமானார். அவர் பேச்சைக் கேட்டு மரம் வைத்தவர்கள் ஏராளம். வைத்ததை அறுத்துப் பயன்படுத்துவது பற்றித்தான் நம்மிடம் பேச்சே இல்லை.

கணக்காகவே பார்க்கலாம். வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். வீட்டுப் பேண்ட்சாவின் பிளேடு தின்பது சுமார் 1 மில்லிமீட்டர். 150 மில்லிமீட்டர் கனமுள்ள பலாக் கட்டையிலிருந்து 6 மில்லிமீட்டர் பலகைகள் எடுத்தால் முதலாவதில் 17 தேறும், இரண்டாவதில் 21. பேண்ட்சா விட்டுச்செல்லும் முகம் சொரசொரப்பானது, அதை இழைப்புளியால் சீவ வேண்டும், ஆகவே இந்த லாபத்தில் ஒரு பங்கு சீவலாகப் போய்விடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வேறொரு உண்மை இந்தக் கணக்கையே மிஞ்சுகிறது. வீடுகளுக்கென்று விற்கும் 10 அங்குல டேபிள் சா ஒரே ஓட்டத்தில் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல்தான் ஆழமாக அறுக்கும். ஆறங்குலக் கட்டையை ஒரே ஓட்டத்தில் பிளக்கவே அதனால் இயலாது. நேராக அறுப்பதில் அது கெட்டிக்காரன் என்பதை யாரும் மறுக்கவில்லை. நம் கொல்லையில் நேராக இருப்பது எது என்பதுதான் கேள்வி.

வளைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவராக இசை உலகம் கொண்டாடும் மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் பெயருக்கு முன்னாலும் இந்த ஊர்தான் நிற்கிறது. கஞ்சிராவின் வளையம் பலா மரம். வீணைக் குடமும் மிருதங்கக் கட்டையும் அதே மரம்தான். ஏழெட்டு அங்குலப் பலாத் துண்டை வெளிவட்டமாக அறுத்தெடுக்கப் பேண்ட்சாவுக்குச் சில நிமிடம் போதும். உள்வட்டத்தை அறுக்க அதனால் முடியாது. பிளேடு முனையில்லாத வளையம் என்பதால் உள்ளே நுழைய வேண்டுமானால் மரத்தின் விளிம்பை வெட்டித்தான் நுழைய வேண்டும். உள்வட்டத்தைக் கடைசலில் குடைந்துதான் எடுக்க வேண்டும். ஒரு கருவி எங்கே நின்றுவிடுகிறது என்பதை அறிந்து வாங்குபவர் ஏமாறுவதில்லை.

இனி எந்தப் பேண்ட்சா? விற்பனைத் தாள்கள் குதிரைத்திறனில் தொடங்குகின்றன. தொடங்க வேண்டியது பிளேடில். இந்த இயந்திரத்தின் வரலாறே அதைச் சொல்கிறது. 1808இல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி இதற்குக் காப்புரிமை பெற்றார். இயங்குமுறை சரியாகவே இருந்தது. வளைந்து வளைந்து ஓடும் எஃகு நாடாவின் ஒட்டு மட்டும் தாங்கவில்லை; பிளேடு அறுந்துகொண்டே இருந்தது. 1846இல் பிரான்சில் ஆன் போலின் கிரெபின் என்ற பெண்மணி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே, பாரிஸைச் சேர்ந்த பெரின் போன்றவர்கள் கையில் இது தொழிற்கூடக் கருவியானது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஒரு நல்ல இயந்திரம் நல்ல பிளேடுக்காகக் காத்துக் கிடந்தது. இன்று நம் வீடுகளில், நல்ல விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் அதனுடன் வந்த மட்டமான பிளேடே மாட்டியபடி இருப்பதும், ‘இது கோணலாக அறுக்குது’ என்ற முடிவோடு அது மூலையில் முடங்குவதும் அதே கதையின் மறுபதிப்பு.

பிளேடில் பார்க்க வேண்டியவை பல்லின் எண்ணிக்கை, அகலம், கனம். பல் நெருக்கமாக இருந்தால் நன்றாக அறுக்கும் என்று நினைப்பது இயல்பு. கனமான மரத்தில் அது நேர்மாறு. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம்தான் தூளைச் சுமந்து வெளியே கொண்டுவருகிறது. ஆறங்குலப் பலாவை அங்குலத்துக்கு 10 பல் உள்ள பிளேடால் பிளந்தால் ஒரே சமயத்தில் 60 பல் மரத்துக்குள் இருக்கும். பள்ளங்கள் பாதி வழியிலேயே நிரம்பி, தூள் வெளியேற இடமின்றி, பிளேடு சூடேறி விலகி ஓடும். அங்குலத்துக்கு 3 பல் என்றால் உள்ளே இருப்பது 18 பல். அதுதான் பலகை பிளக்கும் பிளேடு. மரத்துக்கு மரம் சங்கதியும் மாறும். பலாவின் பாலும் பிசினும் பல்லில் அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அவ்வப்போது, இயந்திரத்தை நிறுத்தி, துடைக்காவிட்டால் கூர்மை இருந்தும் அறுக்காது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் அறுக்க இலகுவாகத் தோன்றினாலும் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தென்னையில் வெளிப்புறம் கெட்டி, உள்ளே பஞ்சு. ஒரே ஓட்டத்தில் பிளேடு இரண்டையும் சந்திக்க வேண்டியிருப்பதால் தள்ளும் வேகத்தைக் கையால் மாற்றிக்கொண்டே போக வேண்டும். தைலமரத்தை வீட்டுக்காரர் தொடாமலிருப்பதே உத்தமம். வளரும்போது உள்ளே ஏறிய இறுக்கம் அறுத்தவுடன் விடுபட்டுப் பலகை கண்ணெதிரே வளையும், பிளக்கும்.

அகலமான பிளேடுதான் நேராக ஓடும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. இயந்திரத்தின் சட்டம் ஒரு வில், பிளேடு அதன் நாண். நாணை எவ்வளவு இழுத்துக்கட்ட வில் தாங்குகிறது என்பதில்தான் மீதி உண்மை இருக்கிறது. சாதாரணக் கார்பன் எஃகுப் பிளேடு விறைப்பாக நிற்கச் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு இழுவை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அரை அங்குல அகலமும் 0.025 அங்குலக் கனமும் உள்ள பிளேடுக்கு மேல்சக்கரம் தாங்க வேண்டியது, பிளேடின் இரு பக்கமும் சேர்த்து, ஏறத்தாழ 170 கிலோ. முக்கால் அங்குல அகலமும் 0.032 அங்குலக் கனமும் ஆனால் அதுவே 325 கிலோவுக்கு ஏறிவிடும். 14 அங்குலச் சக்கரம் கொண்ட வார்ப்பிரும்புச் சட்டம் முதலாவதைத் தாங்கும்; இரண்டாவதைக் கேட்டால் ஸ்பிரிங் சுருண்டு, சட்டம் வளைந்து, சக்கரங்கள் ஒன்றுக்கொன்று விலகும். ஆகவே சிறிய இயந்திரத்தில் அகலப் பிளேடு தளர்ந்துதான் ஓடும். நன்றாக இழுத்துக்கட்டிய அரை அங்குலமே அதைவிட நேராக அறுக்கும். பிளேடின் கனத்துக்கும் ஒரு வரம்பு உண்டு: சிறிய சக்கரத்தில் தடித்த எஃகு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்ந்து சீக்கிரம் விரிசல் விடும். மில்களில் 36, 42, 48 அங்குலச் சக்கரங்கள் இருப்பதன் காரணம் பெருமை அன்று.

இதிலிருந்து தேர்வு தானாக வருகிறது. 8, 9, 10 அங்குல மேசைமேல் இயந்திரங்கள் பொம்மை செய்யவும் மெல்லிய பலகையில் வளைவு அறுக்கவும் போதும். தோட்டத்து மரத்துக்குப் போதா. 14 அங்குலம் குறைந்தபட்சம். சக்கர விட்டத்தைவிட, மேசைக்கும், பிளேடைத் தாங்கும் மேல் வழிகாட்டிக்கும் இடையே எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதைக் கேட்க வேண்டும். பல 14 அங்குல இயந்திரங்களில் அது ஆறங்குலம்தான். தூணின் நடுவே இடைக்கட்டை வைத்துப் பன்னிரண்டாக்கும் வசதி சிலவற்றில் உண்டு, அப்போது பிளேடின் நீளமும் ஓரடி கூடும். மோட்டார் ஒரு குதிரைத்திறன் போதும், எட்டங்குலப் பலாவைப் பிளக்க ஒன்றரை இருந்தால் நல்லது. இங்கே நம் ஊர் மின்சாரத்தையும் பேசியாக வேண்டும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருபடிக்கு ஏற்பக் குறைவது. 230 வோல்ட் மாலையில் 180க்கு இறங்கினால் மிஞ்சுவது ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஒன்றரைக் குதிரை என்று வாங்கியது ஒரு குதிரைக்கும் கீழே போய்விடும். அமெரிக்கக் கையேடுகளின் வேகக் கணக்கும் அப்படியே பொருந்தாது. அவர்கள் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமது 50. அங்கே நிமிடத்துக்கு 1,725 சுற்றும் மோட்டார் ரகம் இங்கே 1,440தான் சுற்றும். பிளேடு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், மரத்தையும் அதற்கேற்ப மெதுவாகத் தள்ள வேண்டும். பம்புசெட்டுக்கு வரும் மும்முனை இணைப்பில் மாட்டிக்கொள்ளலாமே என்ற யோசனை பலருக்குத் தோன்றும். விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது குற்றம், அதோடு விட்டுவிடுகிறேன்.

வாங்குவதைவிட நிறுத்துவதில்தான் இந்த இயந்திரத்தின் பாதித் தரம் இருக்கிறது. ‘நிறுத்துவது’ என்று நான் சொல்வது தராசையும் பந்தலையும் நிறுத்தும் பொருளில். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பிளேடை மாட்டி, மேலும் கீழும் உள்ள எல்லா வழிகாட்டிகளையும் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்வது; பிளேடைத் தன் பாட்டுக்கு ஓடவிடாமல் வழிகாட்டியால் நெருக்கிப் பிடித்து நேராக்கப் பார்க்கிறார்கள். வழிகாட்டிக்கு அது வேலையில்லை. மேல்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே அதன் சாய்வைத் திருகி, பிளேடு சக்கரத்தின் ரப்பர் பட்டையில் ஓர் இடத்தில் நிலைத்து ஓடும்வரை பார்க்க வேண்டும். பிறகு இழுவை. இயந்திரத்தின் முள் காட்டும் எண்ணை நம்புவதைவிட, ஆறங்குல நீளம் திறந்திருக்கும் பிளேடின் பக்கவாட்டில் விரலால் மிதமாக அழுத்தி, சுமார் 6 மில்லிமீட்டர் விலகுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். விஞ்ஞானம் குறைவுதான், ஆனாலும் தளர்ந்த ஸ்பிரிங்கின் முள்ளைவிட அது பொய் சொல்வது குறைவு. அதற்குப் பின்தான் வழிகாட்டிகள். பக்க வழிகாட்டிகள் ஒரு தாள் இடைவெளியில், பல்லின் பள்ளத்துக்குச் சற்றே பின்னால். முன்னே வந்தால் பல்லின் சாய்மானம் ஒரே நாளில் போய்விடும். பின்பக்க உருளை பிளேடைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். சும்மா ஓடும்போது அது சுழலக் கூடாது, மரத்தைத் தள்ளும்போது சுழல வேண்டும். கடைசியாகத்தான் மேசையை மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பது.

இவ்வளவுக்குப் பிறகும் பிளேடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகலாம். இங்கே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, ஒவ்வொரு பிளேடுக்கும் அதனதன் சாய்வு உண்டு, ஒரு பலகையில் கோடு போட்டுக் கையால் அறுத்து, பாதியில் நிறுத்தி, பலகை நிற்கும் கோணத்திலேயே பக்கத்தடுப்பைத் திருப்பி வை என்கிறது. மறு கட்சி, சக்கரத்தின் நடு மேட்டில் பிளேடைச் சரியாக ஓடவிட்டால் சாய்வே இருக்காது என்கிறது. நான் இரண்டாவது கட்சிக்குச் சாய்கிறேன். ஒரு பக்கப் பல் மழுங்கினாலோ, தீட்டியவர் ஒரு பக்கத்தைக் கூடுதலாகச் சாய்த்திருந்தாலோதான் பிளேடு இழுக்கும். தடுப்பைத் திருப்புவது நோயோடு சமரசம் செய்வது. ஆனால் மாற்றுப் பிளேடு வாங்க ஊர்விட்டு ஊர் போகவேண்டிய இடத்தில், முதல் கட்சியின் வழி ஒரு வாரத்தை ஓட்ட உதவும் என்பதையும் மறுக்க மாட்டேன். அறுத்த பலகையின் நடுவில் பீப்பாய் வயிறு விழுந்தால் அது வேறு குற்றம்: இழுவை போதவில்லை, அல்லது பள்ளம் நிரம்பிவிட்டது, அல்லது தள்ளுகிறவர் அவசரப்படுகிறார். மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உருண்டைக் கட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வட்ட ரம்பம்போல மரத்தைத் திருப்பி எறியாது என்பதால் பேண்ட்சாவைச் சாது என்று சொல்வார்கள். ஆனால் உருண்டையை ஆப்பு வைக்காமல் குறுக்கே கொடுத்தால் பல் கடித்த கணத்தில் கட்டை சுழன்று, பிடித்த கையையும் சேர்த்து இழுக்கும். ஒரு பக்கமாவது தட்டையாக்கி, அல்லது முட்டுச்சட்டத்தில் திருகிப் பொருத்தியே அறுக்க வேண்டும். மேல் வழிகாட்டியை மரத்துக்கு அரை அங்குலத்துக்குள் இறக்குவது, அறுப்பு நேராக வருவதற்கும் விரல் பிழைப்பதற்கும் ஒருசேர உதவும்.

எதிர்வாதங்களில் வலுவானது இது: ஊருக்கு ஊர் மர அறுவை மில் இருக்க, கன அடிக்கு இவ்வளவு என்று கொடுத்து அறுத்துக்கொண்டு வருவதை விட்டுவிட்டு வீட்டில் இயந்திரம் எதற்கு? அடிமரத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் சரி. இரண்டடி விட்டப் பலாவை வீட்டு இயந்திரத்தில் தூக்கி வைக்கவே முடியாது. அரசுச் சட்டமும் அதை விரும்பாது. வனப் பாதுகாப்புக்கான கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும் அதைத் தொடர்ந்தவையும் மர அறுவையை உரிமத்தின் கீழ் இறுக்கின. 2016இல் மத்திய அரசு மரத் தொழில்களுக்கு வழிகாட்டு நெறிகளும் வகுத்தது. சொந்த உபயோகத்துக்கு, மில்லில் அறுத்த பலகையையும் கட்டையையும் கையாள்வதோடு நிற்பவர்கூட, வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஊராருக்குக் கூலிக்கு அறுத்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கேட்காமல் தொடங்கவே கூடாது. ஆனால் மில்லின் பொருளாதாரம் பெரிய மரத்துக்கானது. மூன்றடி நீளக் கிளை, கவட்டை, அடிவேர்த் திமில் ஆகியவற்றை அங்கே வண்டியில் இருந்து இறக்கவே விட மாட்டார்கள். பலாவில் அழகான மஞ்சள் ரேகை சுழித்துக் கிடப்பது அந்தக் கவட்டையில்தான். மில்லுக்குக் கழிவு எதுவோ அதுதான் வீட்டுப் பேண்ட்சாவுக்கு மரம்.

ஆசாரிகளின் பிழைப்பைப் பறிக்கும் என்பது இன்னொரு வாதம். இதை எளிதில் தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் நிலைக்கதவும் கட்டிலும் செய்துவந்த ஆசாரியின் வேலையைப் பறித்தது வீட்டுக்காரரின் பொழுதுபோக்கு இயந்திரமா, கடையில் அடுக்கியிருக்கும் அழுத்தப்பலகைச் சாமான்களும் இரும்புக் கதவும் பிளாஸ்டிக் நாற்காலியுமா என்று பார்க்க வேண்டும். தன் கொல்லைப் பலாவைப் பலகையாக்கி வைத்திருப்பவர், சந்து வெட்டிப் பொருத்தவும் அலமாரிக்கு அளவெடுக்கவும் ஆசாரியைத்தான் தேடிப் போவார்; பலகை இல்லாதவர் கடைக்குப் போவார். வேலை தெரிந்த ஆசாரியே இந்த இயந்திரத்தை வைத்துக்கொள்வது இன்னும் பொருத்தம், பல் மழுங்கியதை ஓசையிலேயே அறிகிற காது அவருக்குத்தான் இருக்கிறது.

பச்சை மரத்தை அறுத்தால் முறுக்கிக்கொள்ளுமே என்பது கடைசி ஆட்சேபம். முறுக்கும். அதனால்தான் இரண்டு இடத்து அறுப்பும் வேண்டியிருக்கிறது. விழுந்த பலாவை மில்லில் மூன்றங்குலக் கனமாகப் பிளந்து, வெட்டுமுனைகளில் பெயிண்டோ மெழுகோ பூசி, பலகைக்குப் பலகை குச்சி வைத்து, வெயில் படாமல் காற்று மட்டும் புகும் கொட்டகையில் அடுக்க வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது உலர்த்துவதில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இந்த மாவட்டத்து வெயிலுக்கு அது குறையலாம். ஆனால் வேகமாகக் காய்ந்தால் முனை வெடிப்பதும் அதே வெயிலால்தான். வெளிப்புற வெள்ளையை அறுத்துத் தள்ளிவிட வேண்டும், உளு முதலில் ஏறுவது அதில்தான். காய்ந்தபின் வைரம் மட்டும் உள்ள துண்டை வீட்டுப் பேண்ட்சாவில் வேண்டிய கனத்துக்குப் பிளந்து, மீண்டும் இரண்டு வாரம் அடுக்கி வைத்து, அதற்குப் பிறகே இழைப்புளியைத் தொட வேண்டும். இன்று விழுந்த மரத்துக்கு இயந்திரம் நாளைக்கே வேண்டியதில்லை. பலகை காயும் காலத்தில் நிதானமாக விசாரித்து, திறக்கும் உயரத்தைக் கேட்டு, பிளேடு எங்கே ஒட்டித் தருவார்கள் என்று அறிந்து வாங்கிக்கொள்ளலாம்.